சந்தாபுரா வெயிலும் ஒரு வெள்ளைச் சேலையும்

பிரபு,

வரிகள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போகும், பொறுத்துக்கொள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்பா வைத்த ரசத்தைக் குடித்தே பிழைத்திருக்கிறேன் என்றால் வேறு எதையும் தாங்குவேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அடுத்த பஸ் பிடித்துப் பொம்மனஹள்ளியிலிருந்து ஓடி வந்திருப்பாய். உள்ளுக்குள் கோபம் அப்படியே இருக்க, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்ற பரிதாபத்தில் நீ வந்து நிற்பதை நான் விரும்பவில்லை. கோபம் ஆறினால் வா. ஆறாவிட்டால் கோபத்தோடேயே வந்து சண்டை போடு. பரிதாபத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வராதே.

அடுத்த மாதம் உனக்கும் நந்தினிக்கும் கல்யாணம். அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை, நீ கணக்குப் போட்டுச் சொன்ன வெயிலையும் ஓசூர் ரோட்டுச் சந்தாபுராவில் அளந்து பார்த்த வெயிலையும் பற்றி, அங்கே சோலார் பலகை வைக்கப்போகிற நிலத்துக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று பேசப்போகிறாய். இரண்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. கல்யாணத்துக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம், அம்மா வழக்கம்போல முடிச்சுப் போடுகிறாள் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். கடைசிவரை படித்துவிட்டுச் சொல்.

இந்தக் கடிதத்தை அப்பா படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். அவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உன் வேலையை உனக்கே கொஞ்சம் சொல்கிறேன். மேகம் துளிகூட இல்லாத நாளில் தரைக்கு எவ்வளவு வெயில் வந்து சேரும் என்பதைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். சூரியன் எந்த உயரத்தில் இருக்கிறது, ஊர் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, காற்றில் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று கொடுத்தால், காலையில் ஏறி, உச்சியில் நின்று, மாலையில் இறங்கும் ஒரு வழவழப்பான கோட்டைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும். அது உன் மாடல். அதே வெயிலை, கறுப்பு வட்டின்மேல் கண்ணாடிக் குமிழைக் கவிழ்த்த ஒரு சின்னக் கருவி நிஜமாகவே உடம்பில் வாங்கி அளந்து சொல்லும். அதைப் பார்த்துக்கொள்வது நந்தினியின் வேலை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் உன் கோடும் அவள் கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சோலார் பலகை வைக்கப்போகிறவர்கள் உன்னை நம்பலாம். சந்தாபுராவில் உட்காரவில்லை. தை பிறந்ததிலிருந்து, மேகமே இல்லாத நாட்களிலும், அவள் கோடு உன் கோட்டுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

வெயில் அளக்கிற வேலைக்கு நான் சேர்ந்த புதிதில் எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். என் கருவி, கணக்கு சொன்னதைவிட அதிக வெயிலைக் காட்டியது. வரக்கூடியதைவிட அதிகமாக வருகிறதாம்! கருவியைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், அதன்மேல் உட்கார வந்த காக்கையைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், சென்னைக்குப் போட்ட கணக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, ஊரின் உயரத்தை மாற்ற மறந்திருந்தேன். மேட்டு ஊரில் தலைக்குமேல் காற்று குறைவு, வெயில் அதிகம். கடற்கரைக் காற்று முழுவதையும் பெங்களூரின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, இங்கே வெயில் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேலதிகாரி சிரித்துவிட்டு, "ஏம்மா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வேலைக்கு வர்றியே, அப்பக்கூட மேட்டுல இருக்கோம்னு தோணலையா?" என்றார். அன்றிலிருந்து கணக்கும் அளவும் சண்டை போட்டால் நான் முதலில் கணக்கின் சட்டைப் பையைத்தான் துழாவுவேன். அந்தப் பழக்கம் எனக்கு ஆபீசில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது, கூடவே கொஞ்சம் திமிரையும் கொடுத்தது என்று அப்பா சொல்வார். இருக்கட்டும். உழைத்துச் சம்பாதித்த திமிர்.

நீ கோபித்துக்கொண்டு போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நம் தொம்மலூர் வீட்டு மாடிக்கு வந்தாய். ஆபீசில் உன் மேலாளர், ஒத்துவராத நாட்களையெல்லாம் 'தெளிவில்லாத நாள்' என்று எழுதி ஒதுக்கிவிடச் சொல்கிறார் என்றாய். எனக்கு அப்போதே சுருக்கென்றது. உன்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, எங்கள் காலத்து வித்தையைக் காட்டினேன். சூரியனைத் தொட்டியின் மூலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் வானத்தைப் பார்க்க வேண்டும். தொட்டி விளிம்புவரை நீலமாக இருந்தால் காற்று சுத்தம். விளிம்பை ஒட்டிப் பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கிடந்தால், மேகம் இல்லையே தவிரக் காற்றில் தூசியும் புகையும் நிற்கின்றன என்று பொருள். நான் பார்த்தேன். பாதி வானம் பாலாகத் தெரிந்தது.

"பாலும் மஞ்சளுமா கலங்கிக் கெடக்குடா. உன் கணக்குல போட்டிருக்கிற காத்து எந்த ஊர்க் காத்து?" என்றேன்.

"எனக்கு நீலமாத்தான் தெரியுது. சாட்டிலைட்டும் க்ளியர்னுதான் சொல்லுது. அங்க கருவி மேல இருக்கிற கண்ணாடி டோமை ஒழுங்கா துடைக்கிறதில்லம்மா, அதான் கம்மியா காட்டுது."

"நந்தினி துடைக்கலேங்கிறியா?"

"நான் பேரே சொல்லலையே."

"பேர் சொல்லாட்டி? அங்க துடைக்கிறது வேற யாரு, உங்க மேனேஜரா?"

"அம்மா, மொதல்ல நீ உன் கண்ணைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு. எதைப் பார்த்தாலும் மங்கல் மங்கல்னே சொல்றே."

அது என் தலைக்கு ஏறிவிட்டது. "முப்பது வருஷம் வானத்தைப் பார்த்த கண்ணுடா இது" என்று கத்தினேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் நந்தினி சாப்பிட வந்தாள். கல்யாணத்தன்று நம் வீட்டிலிருந்து பெண்ணுக்குக் கொடுக்கும் முகூர்த்தச் சேலையை அன்றைக்குத்தான் அவளிடம் காட்டினேன். அதை வாங்கிய கதையை உனக்குச் சொன்னதில்லை. நானும் அப்பாவும் சிக்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை, எல்லாமே அழுக்குப் பச்சையாகவும் பழுப்பாகவும் தெரிந்தன. கடைசிக் கடையில் ஒருவர், "தாரேக்காம்மா?" என்று கேட்டார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற நேரத்துக்கா என்கிறார் என்று புரிந்து, ஆமாம் என்றேன். நேராகப் போய் ஒரு தட்டிலிருந்து சிவப்புக் கரை போட்ட பட்டை எடுத்துப் பிரித்தார். என்ன சொல்ல, அரைத்து வைத்த சந்தனத்தின் நிறம். கை வைத்ததும் எனக்கு நந்தினியின் முகம்தான் தோன்றியது. பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். அப்பா அதற்கே அசந்துபோனார்.

அந்தச் சேலையை நந்தினி மடியில் விரித்து வைத்துக்கொண்டு தடவினாள். கண் நிறைந்துவிட்டது. "சரி ஆண்ட்டி, இதை நான் அம்மாக்குக் காட்டணும்" என்று மட்டும் சொன்னாள். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு, சேலையோடு அவசரமாகக் கிளம்பிப் போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதுமே நீ ஆரம்பித்தாய்.

"வெள்ளைப் பொடவை வாங்கி வெச்சிருக்கே. கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளைப் பொடவை!"

"உனக்கென்ன கண்ணு அவிஞ்சுபோச்சா? சந்தன நிறம்டா அது."

"கன்னடப் பொண்ணு வேணாம்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இப்பிடியா செய்வாங்க? அழுதுட்டே போறா பாரு."

பையை எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளியில் உன் நண்பனின் அறைக்குப் போனவன்தான், பிறகு வரவேயில்லை. பிரபு, அது எனக்கு வலித்தது. நம் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தே அப்படி ஒரு கெட்ட காரியத்தைச் செய்வேன் என்று நீ நினைத்தாயே, அதுதான் வலித்தது. இந்த ஊரில் பிறந்து, தெருவில் கன்னடத்தில் சண்டை போட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் அழுது வளர்ந்தவள் நான். எந்த மொழிக்காரப் பெண் வந்தாலும் உன்னை வைத்துக் குடும்பம் நடத்த ஒப்புக்கொண்டாளே என்று கும்பிடத்தான் செய்வேன்.

நீ போன பிறகு அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது" என்றார். "அப்ப கடையிலயே சொல்ல வேண்டியதுதானே?" என்றால், "வெளிச்சத்தை அளக்கிறவ நீ. நீ சந்தனம்னா அது சந்தனம்தான்னு விட்டுட்டேன்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பாவும் பிள்ளையும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். நீ கோபத்தில் சொல்கிறாய், அவர் உன் கட்சி. உங்கள் இருவரின் அளவையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வார நடுவில் நந்தினி ஒரு டப்பா நிறைய ஹோளிகே, நம் போளிதான், எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஆண்ட்டி, எங்க அம்மா சேலையைப் பார்த்து அழுதே அழுதுட்டாங்க. எங்க மனேல தாரேக்கு வெள்ளைச் சீரேதான், செவப்பு பார்டர் வெச்சு. அம்மா, அக்கா எல்லாரும் அதுதான் கட்னாங்க. தமிழ் மனேல வெள்ளை ஆகாதுன்னு தெரியும், அதனால நாங்க கேக்கவே இல்ல. உங்களுக்கு ஹேகெ கொத்தாய்த்து?" எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். "வெள்ளையா அது?" என்றேன். "ஹவுது ஆண்ட்டி. மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை" என்றாள்.

அங்கேதான் நான் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் ஒருத்தன் வெள்ளை என்கிறான். பயத்தில் ஒருத்தர் வெள்ளை என்கிறார். இப்போது சந்தோஷத்தில் ஒருத்தி வெள்ளை என்கிறாள், அதுவும் மற்ற இருவர் சொன்னது தெரியாமல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கருவிகள் ஒரே அளவைக் காட்டி, நாலாவது மட்டும் வேறு காட்டினால், எதைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்பது நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அந்தப் பெண் கொடுத்த பேரை அப்படியே வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டு வழக்கத்தைச் சொல்லாமலே தெரிந்துகொண்ட மாமியார் என்றால் சும்மாவா? ஆனால் வாய் கேட்கவில்லை. கடையில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து, கையில் பிட்ட ஹோளிகேயோடு, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து, "நட்ரி, கண் டாக்டர்கிட்ட போலாம்" என்று ஆட்டோ பிடித்தாள். இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றிய புரை. "இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர். மற்றவர்களைத் திட்டித்தான் என்று நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

அந்த ஆட்டோவில் இன்னொன்றும் தெரிந்தது. நீ ரிப்போர்ட் வேலை என்று சொல்லித்தான் பொம்மனஹள்ளியில் தங்கியிருக்கிறாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சேலையைப் பற்றி நீ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்தாய். மனசு புண்பட்டுவிட்டது என்று நீயே ஒரு கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கை வைத்துப் பெற்றவளோடு பேச்சை நிறுத்தினாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணிடம், 'ஏன் அழுதாய்?' என்று கேட்பதற்கு உனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பெயர் என்ன தெரியுமா? அளக்காமலே மாடலை நம்புவது. நானும் அதையேதான் செய்தேன், என் கண்ணை நான் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று சும்மாவா சொன்னார்கள்?

அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது வேறு விஷயத்தில். "ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் பிரபு என் டோம்ல தூசின்னு சொல்லிட்டார். நான் டெய்லி வெயில் வர்றதுக்கு முன்னாடி துடைக்கிறேன்" என்றாள். வாதாடுவதால் பயனில்லை, அளந்துவிடு என்றேன். இன்னொரு கருவியை எடுத்துப்போய் முதல் கருவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். சில நாள் கழித்து இரண்டையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். ஒன்றைத் துடைத்து, மற்றதைத் துடைக்காமல் விட்டும் பார்க்கச் சொன்னேன். குறை கருவியோடு கூடவே நகர்ந்தால் கருவிமேல் தப்பு. அங்கேயே நின்றால் வானத்தின்மேல். நான் ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அவள் வந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். துடைக்காத கருவி இறங்கியது உண்மைதான், மயிரிழை அளவு. துடைத்த இரண்டும் எந்த இடத்தில் வைத்தாலும் ஒன்றுபோலவே ஓடின, உன் கோட்டுக்கு நன்றாகக் கீழே. அதிலும் காலையில் குறை அதிகம், உச்சியில் கொஞ்சம். கருவி பழுது என்றால் நாள் முழுவதும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டும். வெயில் சாய்ந்து வரும்போது அதிகமும் நேராக வரும்போது கொஞ்சமுமாகக் குறைகிறது என்றால், காற்றுக்குள் ஏதோ நின்று தின்கிறது. நீ போட்டிருப்பது அந்த வட்டாரம் முழுவதற்குமான பல வருஷத்துச் சராசரிக் காற்று. கருவி சுவாசிப்பது ஜல்லி உடைக்கிற மிஷினும், ஓசூர் ரோட்டு லாரியும், காலையில் எரிக்கிற குப்பையும் கலந்த இந்த வருஷத்துக் காற்று. நான் அன்றைக்குச் சென்னைக் காற்றைப் போட்டேன், நீ இன்றைக்குப் பழைய காற்றைப் போட்டிருக்கிறாய்.

கட்டு அவிழ்த்த மறுநாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். நான் அன்றைக்கு உன்னிடம் சொன்ன அதே பாலும் மஞ்சளும். இடதை மூடி வலதால் பார்த்தேன். பிரபு, அப்படி ஒரு நீலத்தை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அழுதேன், கண்ணுக்கு ஆகாது என்று அப்பா திட்டினார். பிறகு தொட்டி மூலையில் சூரியனை மறைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். நான் சொன்ன பாதி வானத்துப் பால் அங்கே இல்லை. அது என் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. ஆனால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வெளுப்பு இருந்தது, நீ இல்லவே இல்லை என்றாயே, அது. தெற்கே ஓசூர் ரோட்டுப் பக்கம் அடிவானத்தில் இன்னும் கனமாக இருந்தது. நான் சொன்ன அளவு கலங்கலும் இல்லை, நீ சொன்ன அளவு தெளிவும் இல்லை. நம் இரண்டு பேரையும்விட அந்தப் பெண் துடைத்து வைத்த கண்ணாடிக் குமிழ்தான் உண்மை பேசியிருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒத்துவராத நாளையெல்லாம் 'தெளிவில்லாத நாள்' என்று தள்ளிவிட்டால், மிச்சமிருப்பவை ஒத்துத்தான் போகும். அதில் என்ன அதிசயம்? தலையாட்டுகிறவர்களை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்வது மாதிரி. எந்த நாள் தெளிவு என்பதை மேகத்தைப் பார்த்து முடிவு செய், உன் கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. எல்லா நாளையும் வைத்து, இரண்டு கோட்டையும் ஒரே தாளில் போட்டு, நடுவில் இருக்கும் இடைவெளிக்குத் தூசி என்று பெயர் சொல்லி அவர்கள் முன் வை. உன் மேலாளர் முகத்தைச் சுளிப்பார். வேலைக்கே ஆபத்து என்று நீ பயப்படுவதும் எனக்குத் தெரியும். பயப்படாதே. இடைவெளியைக் காட்டுகிறவனை ஒரு நாள் திட்டுவார்கள்; மறைத்தவனைப் பலகை வைத்த பிறகு ஒவ்வொரு நாளும் திட்டுவார்கள். இந்த வேலை போனால் இன்னொரு வேலை, இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நந்தினியின் டோமைப் பற்றிச் சொன்னதையும் எல்லார் முன்னாலேயே திருத்திச் சொல். எல்லார் முன்னால் சொன்னதைத் தனியாக வாபஸ் வாங்குவது செல்லாது.

ஒத்துவராத நாட்களை ஒதுக்குகிற இந்தத் தப்பை நான் உன்னை வைத்தே செய்திருக்கிறேன். சின்ன வயதில் நீ வீட்டில் அதிகம் பேசமாட்டாய். 'எங்க பிரபு ரொம்ப அமைதி' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீ கத்திய நாட்களில் இன்றைக்குப் பசி, இன்றைக்குக் காய்ச்சல், இன்றைக்குத் தூக்கம் போதவில்லை என்று காரணம் சொல்லி அவற்றைத் தள்ளிவிடுவேன். ஏழாவது படிக்கும்போது உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தேன். மேடையில் என் பழைய மூக்குக்கண்ணாடியும், என் துப்பட்டாவும், கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் கிண்ணமுமாக வந்து நின்றாய். கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்து, "ஏ காக்கா, உக்கார உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று என் குரலிலேயே கத்தினாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்திலிருந்த உன் டீச்சர், "க்ளாஸ்லயும் இப்பிடித்தான் மேடம், வாயை மூடவே மாட்டான்" என்றார். அமைதியான பிள்ளை என்று ஒருத்தனை நான் வீட்டில் உட்கார்ந்து தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜப் பிள்ளை மேடையில் நின்று என்னை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. நிஜப் பிள்ளை எப்போதும் நான் நினைத்து வைத்திருந்தவனைவிட நன்றாகத்தான் இருந்திருக்கிறான்.

கல்யாணத்துக்கு வேறு என்ன புத்தி சொல்ல? நீ நந்தினியைப் பற்றி மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பாய், அவளும் உன்னைப் பற்றி வைத்திருப்பாள். போடாமல் இருக்க முடியாது, மாடல் இல்லாமல் யாராலும் யாரோடும் வாழ முடியாது. ஆனால் தினமும் கேள். அழுதால் ஏன் அழுதாய் என்று கேள், சிரித்தால் ஏன் சிரித்தாய் என்று கேள். அவள் சொல்வது உன் கணக்கோடு ஒத்துவராவிட்டால், உடனே அவள் கண்ணாடியில் தூசி என்று சொல்லாதே. உன் சட்டைப் பையை முதலில் துழாவு. ஒற்றைக் கருவி தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும். அதற்குத்தான் கல்யாணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்பாவைப் பார், பக்கத்தில் இருந்தும் உள்ளதைச் சொல்லாத கருவி. அவரைப் போல இருக்காதே. (இதைப் படித்துவிட்டு அவர் சிரிக்கிறார், தபாலில் போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.)

நந்தினிக்கு நீ கோபித்துக்கொண்டு போனது இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அதை நீ சொல்லிக்கொள். ஆட்டோவில் ஏறும்போது ஆண்ட்டி என்று கூப்பிட்டவள், இறங்கும்போது அத்தே என்று கூப்பிட்டாள் என்பதை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு வா. அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் தொட்டி மூலையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்கான தாளைச் சேர்ந்து தயார் செய்வோம். நேற்று அவள் மறுபடி கொண்டுவந்த ஹோளிகேயில் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது, அப்பா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இடது கண்ணையும் இந்த மாதமே செய்துவிடலாம் என்றார் டாக்டர். கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். இது என்ன பிடிவாதம் என்று அவருக்குக் கோபம். தாரை வார்க்கிற நேரத்தில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் உன் பக்கத்தில் வந்து நிற்பாள். வலது கண்ணால் பார்த்தால் அவள் அம்மா வீட்டு வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் நம் வீட்டுச் சந்தனம். அந்த மண்டபத்தில் அவளை இரண்டு வீட்டுப் பெண்ணாகவும் பார்க்கக் கொடுத்து வைத்தவள் நான் ஒருத்திதான், அதை எந்த டாக்டருக்காக விட்டுக்கொடுப்பேன்?

அம்மா